மரப்பட்டை மருந்தும் நானோ துகளும்

மாணவர்களே, ஒரு குவளை நீரில் சிறிது சமையல் எண்ணெய் ஊற்றிக் கலக்குங்கள். சற்று நேரத்தில் எண்ணெய் மேலே வந்து மிதக்கும். கடையில் வாங்கும் பாலிலும் நீரும் கொழுப்பும் உள்ளன. ஆனால், அவை அப்படிப் பிரிவதில்லை. காரணம், பாலில் கொழுப்பு மிகச் சிறு துளிகளாக இருக்கிறது. ஒவ்வொரு துளியையும் புரதம் போர்த்தியிருக்கிறது. இதைப் போன்ற ஓர் உத்திதான் புற்றுநோய் மருந்து ஒன்றுக்கும் கைகொடுத்தது.

1962-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பசிபிக் யூ மரத்தின் பட்டை ஆய்வுக்காகச் சேகரிக்கப்பட்டது. அதிலிருந்து பக்லிடாக்செல் எனும் பொருளை மன்ரோ வால், மன்சுக் வானி குழுவினர் பிரித்தெடுத்து, அதன் மூலக்கூறு அமைப்பை 1971-இல் வெளியிட்டனர்.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இருபுறமும் இழுக்க நுண்குழல்கள் உருவாகின்றன. அவை தேவைக்கேற்ப நீளவும் குறையவும் வேண்டும். பக்லிடாக்செல் அவற்றைக் குறையவிடாமல் இறுக்கிவிடும். உயிரணு பிரிய முடியாமல் மடியும். இதை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் குழுவினர் விளக்கினர்.

ஆனால், பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. இம்மருந்து நீரில் கரைவது மிகவும் அரிது. இரத்தத்திலோ பெரும்பகுதி நீர். அதனால், ஆமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்த ஒரு கரைப்பானில் எத்தனாலுடன் கலந்து நரம்பு வழியாக ஏற்றினார்கள். அந்தக் கரைப்பானே சில நோயாளிகளுக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கியது. எனவே, முதலில் ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகளைக் கொடுத்துவிட்டு, பெரும்பாலும் 3 மணி நேரம் ஏற்ற வேண்டியிருந்தது.

இங்குதான் நானோ தொழில்நுட்பம் உதவியது. நம் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் உண்டு. நீரில் கரையாத பல பொருள்களைச் சுமந்து செல்வது அதன் வேலை. பக்லிடாக்செலை அல்புமினோடு சேர்த்து, சராசரியாக 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கினர். நம் தலைமுடியின் தடிமன் இதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது! அந்தக் கரைப்பான் இனித் தேவையில்லை. 30 நிமிடங்களில் மருந்தை ஏற்றிவிடலாம். அப்ராக்சேன் என்ற பெயரில், மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்கா 2005-இல் இதை அங்கீகரித்தது.

முடி உதிர்தல், வெள்ளணு குறைதல், கைகால் மரத்துப்போதல் ஆகிய பக்கவிளைவுகள் இன்னும் உள்ளன. நானோ, மருந்தைக் கொண்டு சேர்க்கும் வழியை மாற்றியதே தவிர, அதன் இயல்பை மாற்றவில்லை.

'இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் புற்றுநோய் குணமாகும்' என்ற செய்தி உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். அதைப் பிறருக்கு அனுப்பும் முன் யூ மரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் இலையும் விதையும் கொடிய நஞ்சு. பட்டையைச் சேகரித்த நாளிலிருந்து முதல் அங்கீகாரம் கிடைத்த 1992 வரை 30 ஆண்டுகள் ஆயின. செடியில் இருப்பது மருந்தாக, இவ்வளவு சோதனைகளைத் தாண்ட வேண்டும்.