இணையப் பக்கங்களைச் சேமித்தலும் வகைப்படுத்தலும்

புணே மாவட்டத்தைச் சேர்ந்த தளேகாவ், பசுமைக்குடில் மலர்ச் சாகுபடிக்குப் பெயர் பெற்றது. அது அமைந்துள்ள மாவள் வட்டத்தின் ரோஜாக்கள், பிப்ரவரி 14-ஆம் நாள் காதலர் தினத்தையொட்டி வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. இத்தகைய சாகுபடிக்கு நீரும் உரமும் போலவே தகவலும் இன்றியமையாததாகும். வானிலை முன்னறிவிப்பு, சந்தை விலை, ஏற்றுமதி விதிகள், மானிய அறிவிப்புகள் ஆகியவை வெவ்வேறு இணையதளங்களில் வெளியாகின்றன.

போலித் தளங்கள்

தேவைப்படும்போதெல்லாம் தேடுபொறியை நாடுவது காலத்தை வீணாக்கும். சில வேளைகளில் பொருளிழப்பும் நேரும். விவசாயிகளுக்குச் சூரியசக்திப் பம்புகள் வழங்க 2019-இல் தொடங்கப்பட்ட ‘குசும்’ திட்டத்தின் பெயரால் போலி இணையதளங்கள் பதிவுக் கட்டணம் வசூலித்தன. மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் இதுபற்றிப் பலமுறை எச்சரித்துள்ளது. வேளாண்மை அலுவலகத்தில் கேட்டறிந்த சரியான முகவரியை ஒருமுறை சேமித்து, பின்னர் அதன் வழியாகவே செல்வது இவ்வாபத்தைப் பெரிதும் குறைக்கும்.

செய்முறை

பக்கம் திறந்திருக்கும்போது, உலாவியின் முகவரிப் பட்டையிலோ பட்டியலிலோ உள்ள நட்சத்திரக் குறியை அழுத்தினால், அது ‘புக்மார்க்’ எனப்படும் பக்கக்குறியாகப் பதிவாகிவிடும். 1993-இல் வெளிவந்த மொசைக் உலாவியிலேயே இத்தகைய வசதி இருந்தது. ஆயினும், இவ்வாறு பதிவாவது முகவரியே. பக்கத்தின் உள்ளடக்கம் அன்று. எனவே அரசாணை, விண்ணப்ப ரசீது போன்றவற்றைத் தனிக் கோப்பாகவும் சேமித்தல் வேண்டும்.

வகைப்படுத்தும் முறை

குறிகள் நூறாகப் பெருகினால் அவற்றிலும் தேட நேரிடும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ்.ஆர். அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள், வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நான்காவதாகும். அவ்விதி இங்கும் பொருந்தும். ‘வானிலை’, ‘விலை’, ‘பயிர்ப் பாதுகாப்பு’, ‘மானியம்’ எனப் பயன் நோக்கிச் சில உறைகளை அமைத்தல் போதுமானது. நீண்ட தலைப்புகளை நீக்கி, ‘ரோஜா விலை’ என்பது போன்ற சுருக்கமான பெயரிடலாம். நாள்தோறும் பார்க்க வேண்டியவற்றை முதலில் வைக்கலாம்.

நூலகம் வளரும் உயிரி என்பது ஐந்தாவது விதி. வளர்வதற்குக் களையெடுப்பும் தேவை. பருவத்திற்கு ஒருமுறை செயலற்ற முகவரிகளை நீக்கி, மாறியவற்றைத் திருத்துதல் நன்று. கைப்பேசி பழுதடைந்தால் குறிகளும் மறையக்கூடுமாதலால், அவற்றிற்கு ஒரு நகல் வைத்திருத்தல் அவசியமாகும்.

தளேகாவ் விவசாயிக்குப் பொருந்தும் இம்முறை, ஓசூர் ரோஜா விவசாயிக்கும் பொருந்துவதே. இதற்குச் செலவில்லை, சிறிது ஒழுங்கு மட்டுமே வேண்டும்.