பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது?

கணினி அறிவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "கிட்டில் ஆட், கமிட், புஷ், புல் தெரியும். இதற்கு மேல் என்ன இருக்கிறது?" அன்றாட வேலைக்கு அந்த நான்கே போதும் அம்மா. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கட்டளை உங்கள் பட்டியலில் இல்லை: பைசெக்ட்.

லினக்ஸ் கெர்னல் குழு அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருளின் இலவச உரிமம் பறிபோனதால், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். குளோன் செய்தவர் ஒவ்வொருவரின் கணினியிலும் வரலாறு முழுவதும் இருக்கும். இணையம் அறுந்தாலும் கமிட் செய்யலாம், லாக் பார்க்கலாம், பழைய நிலைக்குப் போய்வரலாம்.

பைசெக்ட் அந்த வரலாற்றைத்தான் துழாவுகிறது. போன மாதம் ஒழுங்காக ஓடிய நிரல் இன்று தப்பாகக் கூட்டுகிறது. இடையில் 1,000 கமிட்கள் என்று வையுங்கள். 'கிட் பைசெக்ட் ஸ்டார்ட்' அடித்து, இன்றையதை 'பேட்' என்றும் போன மாதத்துக் கமிட்டை 'குட்' என்றும் சொல்லுங்கள். நடுவிலுள்ள கமிட்டை கிட் எடுத்து வைக்கும். ஓட்டிப் பார்த்து, குட்டா பேடா என்று சொன்னதும் பாதி கழிந்துவிடும். மிச்சத்தில் மறுபடி நடு. 500, 250, 125 என்று சுருங்கி, ஏறக்குறைய 10 சோதனைகளில் பிழையைக் கொண்டுவந்த கமிட் அகப்பட்டுவிடும். எங்கள் கிணற்று மோட்டாருக்குப் போகும் கேபிள் அறுந்தால் எலெக்ட்ரீஷியன் முதலில் நடுவில்தான் டெஸ்டர் வைப்பார், அதே கணக்கு. வேலை முடிந்ததும் 'பைசெக்ட் ரீசெட்' அடித்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம்.

இத்தனை அழகான கருவியை நாமே மழுங்கடிக்கிறோம். அகப்பட்ட கமிட்டைத் திறந்தால் நாற்பது ஃபைல்கள் மாறியிருக்கும். செய்தியில் 'அப்டேட்' என்று ஒற்றைச் சொல். ஒரு வாரத்து வேலையை மொத்தமாக மூட்டைகட்டிக் கமிட் செய்தால், மூட்டை எது என்று மட்டுமே பைசெக்ட் சொல்லும். உள்ளே எந்த வரி என்று தேடும் பாடு, அடுத்து வருகிறவர் தலையில் விழும்.

இப்படி மூட்டை கட்டாமலிருக்க, 'கிட் ஆட்' கட்டளையோடு 'மைனஸ் பி' சேர்த்துப் பாருங்கள். ஒரே ஃபைலில் செய்த மாற்றங்களைக்கூடத் துண்டுதுண்டாகக் காட்டி, இதைச் சேர்க்கட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். ஒரு கமிட்டுக்கு ஒரு மாற்றம் என்று பழகுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று செய்தியில் ஒரு வரியாவது எழுதுங்கள்.