ஈரலில் இரும்பும் கொழுப்பும்: காந்தப் பரிவு வழி அளத்தல்

தலசீமியா நோயுடன் பிறந்து, மாதந்தோறும் பிறரது குருதியைப் பெற்றே உயிர் வாழும் ஒரு குழந்தையை எண்ணிப் பார்ப்போம். ஏற்றப்படும் ஒவ்வொரு பைக் குருதியிலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. மனித உடலோ நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரையிலான இரும்பையே இழக்கின்றது. மிகையானதை வெளியேற்றும் பொறிமுறை அதனிடம் இல்லை. உயிர் காக்கும் குருதியே இவ்வாறு நஞ்சையும் சேர்க்கின்றது. அதன் பெரும்பகுதி சென்று தங்குமிடம் ஈரல். இரும்பகற்றும் மருந்து போதாதவிடத்து ஈரலும் இதயமும் சுரப்பிகளும் கெடும். டெஸ்பெரியொக்சமின் போன்ற மருந்து அளவுக்கு மிஞ்சினால் செவியும் கண்ணும் பாதிப்புறலாம். எனவே ஈரலில் இரும்பு எவ்வளவு என்ற வினாவுக்கு ஓர் எண்ணையே விடையாகப் பெறவேண்டியுள்ளது.

அந்த எண்ணைப் பெற முன்னர் இரு வழிகளே பெரிதும் கையாளப்பட்டன. ஒன்று, குருதியிலுள்ள பெரிற்றினை அளத்தல். இது எளிதாயினும், தொற்றோ அழற்சியோ நேரின் இரும்பு கூடாமலே பெரிற்றின் கூடிவிடும். மற்றையது, ஊசியினால் ஈரலிழையத்தை எடுத்துச் சோதித்தல். இது நேரடியானது, ஆயின் குருதிப்பெருக்கு ஆபத்துடையது. மேலும், எடுக்கப்படும் துண்டு முழு ஈரலில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்கே. இரும்பு ஈரலெங்கும் சமமாகப் பரவியிராதபோது அத்துண்டு முழுமைக்குச் சான்றாகாது.

1973இல் போல் லோற்றபர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த காந்தப் பரிவுப் படமுறை மூன்றாவது வழியைத் திறந்தது. வலிய காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட உடலின் ஐதரசன் கருக்கள், அதாவது புரோத்தன்கள், வானொலி அலைத் துடிப்பொன்றினால் தூண்டப்பட்டு ஒருமித்துச் சுழன்று சமிக்ஞை தருகின்றன. இச்சமிக்ஞை சிறிது நேரத்தில் தேய்ந்துவிடும். ஈரற் கலங்களில் பெரிற்றினாகவும் ஈமோசிடரினாகவும் திரண்டுள்ள இரும்பு, தன்னைச் சூழ்ந்த காந்தப்புலத்தைக் குலைக்கின்றது. அதனால் அயலிலுள்ள நீர்ப் புரோத்தன்கள் வெவ்வேறு வேகத்திற் சுழன்று விரைவில் ஒருமை இழக்கின்றன. இரும்பு மிகுந்த ஈரல் படத்திற் கருமையாகத் தோன்றுவது இதனாலேயே.

ஆயினும் கருமை அளவீடாகாது. அது கருவிக்குக் கருவி மாறும். சமிக்ஞை தேயும் வீதமே அளவீட்டுக்கு உரியது. தூண்டலின் பின் பல கணங்களில் சமிக்ஞையைப் பதிவுசெய்து தேய்வீதத்தைக் கணிக்கலாம். 2005இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் ரிம் சென் பியர் குழுவினரும் லொஸ் ஏஞ்சல்சில் ஜோன் வூட் குழுவினரும், தேய்வீதத்தை இழையப் பரிசோதனை தந்த இரும்பளவுடன் ஒப்பிட்டு, ஒன்றிலிருந்து மற்றதைப் பெறும் தொடர்பினை நிறுவினர். உலர் ஈரலின் கிராமொன்றில் ஏறத்தாழ 1.8 மில்லிகிராமுக்குட்பட்ட இரும்பு இயல்பானது. 7ஐத் தாண்டின் சிக்கல்களும், 15ஐத் தாண்டின் இதயநோய் ஆபத்தும் மிகும் என்பது மருத்துவர் வழக்கிற் கொண்ட வரம்பு. 1.5 தெஸ்லாக் கருவியில், 15 மில்லிகிராம் அளவிலுள்ள ஈரலின் சமிக்ஞை 2 மில்லிசெக்கனுக்குள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகிவிடும்.

கொழுப்பின் கதை வேறு. கொழுப்பிலுள்ள புரோத்தன்கள் நீரிலுள்ளவற்றினும் சற்றே மெதுவாகச் சுழல்கின்றன. 1.5 தெஸ்லாவில் இவ்வேறுபாடு செக்கனுக்கு ஏறத்தாழ 220 சுற்று. ஆதலால் 2.3 மில்லிசெக்கனில் இரண்டும் எதிரெதிர் அவத்தையில் நின்று ஒன்றையொன்று குறைக்கும், 4.6 மில்லிசெக்கனில் மீண்டும் ஒரே அவத்தையில் இணையும். இவ்விரு படங்களின் வேறுபாட்டினால் கொழுப்பை நீரினின்று பிரிக்கும் முறையை 1984இல் டிக்சன் வெளியிட்டார்.

சிக்கல் எழுவது இங்கேதான். இரண்டாம் படம் சற்றுப் பிந்தி எடுக்கப்படுவதால், இரும்பு மிகுந்த ஈரலில் அதற்குள் சமிக்ஞை தேய்ந்துவிடும். கொழுப்பினால் முதற்படத்தில் நேர்ந்த குறைவும், இரும்பினால் இரண்டாம் படத்தில் நேர்ந்த குறைவும் ஒன்றையொன்று மறைக்க, கொழுப்பேறிய ஈரல் கொழுப்பற்றதாகக் காட்சியளிக்கும். மறுபுறம், கொழுப்பினால் விளையும் ஏற்றவிறக்கம் தேய்வுக் கோட்டைத் திரித்து இரும்பின் கணக்கைப் பிழையாக்கும். ஒன்றை விடுத்து மற்றதை அளத்தல் இயலாது. எனவே இன்றைய முறையில் ஆறு கணங்கள் வரை சமிக்ஞை பதிவுசெய்யப்பட்டு, இரும்பினாலான தேய்வும் கொழுப்பின் விகிதமும் ஒரே சமன்பாட்டின் இரு தெரியாக் கணியங்களாகக் கணனியினால் ஒருங்கே தீர்க்கப்படுகின்றன. நோயாளர் மூச்சை அடக்கியிருக்கும் சில செக்கன்களே இதற்குப் போதும்.

இவ்விரு அளவும் நமக்குத் தொலைவானவை அல்ல. குருநாகலைச் சூழ்ந்த பகுதிகளில் தலசீமியா நெடுங்காலமாக அறியப்பட்ட சுமை. ராகமையில் 35 - 64 வயதினரிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மதுவினாலன்றி ஈரற் கொழுப்பு இருந்ததைக் காட்டியது. இம்முறைக்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ள பொதுக் கருவியுடன் ஏற்ற படமெடுப்பு ஒழுங்கும் கணிப்பு மென்பொருளும் பயின்ற கையும் இருந்தாற் போதும். கருவி வாங்குவதோடு கடமை முடிந்ததெனக் கருதும் சுகாதாரத் திட்டம் படத்தையே பெறும், எண்ணைப் பெறாது. குழந்தைக்கான மருந்தின் அளவைத் தீர்மானிப்பதோ அந்த எண்ணே.