கருவிழிப் புண்ணுக்கு எந்த மருந்து? மதுரை தந்த விடை

கதிர் அறுக்கும்போது நெல்தாள் கண்ணில் கீறிவிடும். களத்தில் தூற்றும்போது உமி பறந்து வந்து விழும். கண்ணைக் கசக்கி, தண்ணீரில் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வதுதான் கிராமத்தில் வழக்கம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிலருக்கு மட்டும் சில நாட்களில் கண் சிவக்கும், நீர் வடியும், வெளிச்சம் பட்டால் கூசும். பிறகு கருவிழியின் மேல் சாம்பல் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். கவனிக்காமல் விட்டால் அந்தப் புள்ளி பரவும், ஆழமாக இறங்கும், கடைசியில் கருவிழியை ஓட்டையாக்கிவிடும். ஆறினாலும் தழும்பு நின்று, பூ விழுந்த கண்ணாகிவிடும்.

இதுதான் கருவிழிப் புண். உழைத்துச் சாப்பிடும் வயதில் உள்ளவர்களைத்தான் இது அதிகம் தாக்குகிறது. இந்தப் புண் பூஞ்சையால் வந்தால் எந்தச் சொட்டு மருந்து நல்லது என்ற எளிய கேள்விக்கு உறுதியான விடை 2013-இல்தான் கிடைத்தது. அந்த விடையைத் தந்தவர்களில் முதன்மையானவர்கள் தமிழ்நாட்டு மருத்துவர்களும் தமிழ்நாட்டு நோயாளிகளும். அது கிடைத்த விதம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

ரத்தம் ஓடாத திசு

கண்ணின் முன்புறம் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும் படலத்தைக் கண் மருத்துவர்கள் கார்னியா என்கிறார்கள். நாம் பேச்சில் கருவிழி என்கிறோம். குறுக்களவு சுமார் 11.5 மில்லிமீட்டர், நடுவில் தடிமன் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் கண்ணுக்குள் நுழையும் ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது இதுவே. உள்ளே இருக்கும் லென்ஸின் பங்கு மீதிதான்.

ஒளி தடையின்றிப் போக வேண்டும் என்பதால் இதில் ரத்தக் குழாய்களே இல்லை. தேவையான ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து பெறுகிறது. தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் இழைகளால் ஆனது. அந்த இழைகள் ஒரே பருமனில், ஒரே இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால்தான் கருவிழி தெளிவாக இருக்கிறது. மேல்தோல் மட்டும் சிராய்ந்தால் ஓரிரு நாளில் தழும்பின்றி வளர்ந்து மூடிக்கொள்ளும். கிருமி அடியில் உள்ள இழைகளுக்குள் இறங்கிவிட்டால் அந்த ஒழுங்கு குலையும். புண் ஆறும்போது புதிதாக உருவாகும் இழைகள் தாறுமாறாக அமைவதால், அந்த இடம் வெள்ளையாகிவிடும்.

ரத்தம் ஓடாததால் இன்னொரு சிக்கலும் உண்டு. வேறு திசுக்களில் கிருமி நுழைந்தால் ரத்தம் வழியாக வெள்ளணுக்கள் விரைந்து வரும். விழுங்கிய மாத்திரையும் அதே வழியில் போய்ச் சேரும். கருவிழியில் இரண்டுமே எளிதல்ல. அதனால்தான் மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து போடச் சொல்கிறார்கள்.

மதுரை மாவட்டத்தின் கணக்கு

1993-இல் மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு 113 பேர் என்ற அளவில் கருவிழிப் புண் வந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஓம்ஸ்டெட் வட்டத்தில் எடுக்கப்பட்ட கணக்கைவிட இது பத்து மடங்கு. அங்கே இந்நோய்க்கு முக்கியக் காரணம் கான்டாக்ட் லென்ஸ். இங்கே காரணம் வயல்வேலை.

1994 ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்றே மாதத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 434 பேர் புதிய கருவிழிப் புண்ணோடு வந்தார்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. வந்தவர்களில் 65 சதவீதம் பேருக்குக் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. டாக்டர் எம். சீனிவாசனும் அவருடைய குழுவினரும் ஒவ்வொருவரின் புண்ணையும் சுரண்டி ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். கிருமி கண்டறியப்பட்டவர்களில் 47.1 சதவீதம் பேருக்குக் காரணம் பாக்டீரியா; 46.8 சதவீதம் பேருக்குப் பூஞ்சை. இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. குளிர்நாடுகளில் அரிதாகக் காணப்படும் பூஞ்சைப் புண் இங்கே அன்றாட நோய் என்பது எண்களோடு நிரூபணமானது. பூஞ்சைகளில் முதலிடம் ஃபுசேரியத்துக்கு, அடுத்த இடம் ஆஸ்பர்ஜில்லசுக்கு. இரண்டுமே மண்ணிலும் மட்கும் இலைதழையிலும் வாழ்பவை. வைக்கோலும் முள்ளும் கீறும்போது அவற்றோடு சேர்ந்து கருவிழிக்குள் போய்விடுகின்றன.

பாக்டீரியாவா பூஞ்சையா என்று கண்ணால் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல அனுபவமுள்ள மருத்துவராலும் முடியாது. மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, புண்ணின் ஓரத்தைச் சிறு கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுப்பார்கள். அதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சையின் நூலிழைகள் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். செலவு குறைந்த இந்தச் சோதனைதான் சிகிச்சையின் திசையைத் தீர்மானிக்கிறது.

பழையதா, புதியதா?

பூஞ்சைப் புண்ணுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்ற சொட்டு மருந்து நெடுங்காலமாக நாட்டமைசின் ஒன்றுதான். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து 1950-களில் பிரித்தெடுக்கப்பட்டது. பாலாடைக்கட்டியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கவும் இது பயன்படுகிறது. பால் போல் கலங்கலாக இருக்கும். கண்ணில் விட்டால் வெள்ளையாகப் படியும். கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவாது என்பது இதன் மேல் சொல்லப்பட்ட பெரிய குறை.

2002-இல் வோரிகோனசோல் வந்தது. உடலின் உள்ளுறுப்புகளைத் தாக்கும் கொடிய பூஞ்சை நோய்களுக்காக உருவான மருந்து. கண்ணுக்குள் நன்றாக ஊடுருவியது, ஆய்வகச் சோதனைகளில் பலவகைப் பூஞ்சைகளை அடக்கியது. உலகெங்கும் கண் மருத்துவர்கள் பலர் இதன் பக்கம் சாய்ந்தார்கள். குணமான நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் இதழ்களில் வந்தன. ஆனால் அந்த நோயாளிகள் பழைய மருந்திலேயே குணமாகியிருப்பார்களா என்பதை அத்தகைய குறிப்புகளால் சொல்ல முடியாது.

அதைச் சொல்ல ஒரே வழி, இரண்டு மருந்தையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது. டாக்டர் என். வெங்கடேஷ் பிரஜ்னா தலைமையில் அரவிந்த் குழுவும், சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிராக்டர் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் டாம் லீட்மன் குழுவும் கைகோத்தார்கள். முதலில் 120 பேரிடம் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. இரண்டு மருந்துக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இரண்டும் சமம் என்று அதற்குப் பொருளல்ல. 120 பேர் போதவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். எனவே பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள்.

தராசின் இரு தட்டுகள்

இத்தகைய ஆய்வு ஒரு தராசு. பொருளை வைக்கும் முன் இரு தட்டும் சமமாக நிற்க வேண்டும். யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்தால், மோசமான புண்ணுக்குப் புதிய மருந்தைத் தர அவர் கை தானாகவே நீளும், தட்டு சாய்ந்துவிடும். ஆகவே மருத்துவரும் நோயாளியும் தலையிட முடியாதபடி, குலுக்கல் முறையில் மருந்து ஒதுக்கப்படுகிறது. வயது, தொழில், புண்ணின் அளவு என்று நமக்குத் தெரிந்த வேறுபாடுகளும் தெரியாத வேறுபாடுகளும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்துவிடும். மூன்று மாதம் கழித்துப் பார்வையை அளப்பவருக்கு, எதிரில் இருப்பவர் எந்த மருந்து போட்டுக்கொண்டவர் என்பது தெரியாது. நடுநிலையான ஒரு கண்காணிப்புக் குழு இடையிடையே கணக்கைப் பார்க்கும். ஒரு தரப்புக்குத் தீங்கு நேர்வது தெரிந்தால் ஆய்வையே நிறுத்தச் சொல்லும்.

2010 ஏப்ரலில் தொடங்கிய இந்த ஆய்வில் 368 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 323 பேர் சேர்ந்திருந்தபோதே, 2011 இறுதியில், கண்காணிப்புக் குழு நிறுத்தச் சொன்னது. வென்றது பழைய மருந்து. வோரிகோனசோல் பெற்ற 161 பேரில் 34 பேருக்குக் கருவிழி ஓட்டையானது, அல்லது புண்ணை அகற்றி மாற்றுக் கருவிழி பொருத்த நேர்ந்தது. நாட்டமைசின் பெற்ற 162 பேரில் அந்த நிலைக்குப் போனவர்கள் 18 பேர். மூன்று மாத முடிவில் நாட்டமைசின் பெற்றவர்கள் பார்வைப் பலகையில் சராசரியாக ஏறக்குறைய இரண்டு வரி கூடுதலாகப் படித்தார்கள். ஃபுசேரியம் தாக்கியவர்களிடம் அந்த வேறுபாடு நான்கு வரி. ஆறாம் நாள் மறுபடி சுரண்டி எடுத்துச் சோதித்தபோது, வோரிகோனசோல் தரப்பில் 48 சதவீதம் பேருக்குப் பூஞ்சை இன்னும் வளர்ந்தது; நாட்டமைசின் தரப்பில் 15 சதவீதம் பேருக்கு மட்டுமே.

ஊடுருவும் ஆற்றலையும் ஆய்வக எண்களையும் வைத்துப் போட்ட கணக்கு நோயாளியின் கண்ணில் பொய்த்துவிட்டது. 2013-இல் முடிவு வெளியானது. 2017-இல் நாட்டமைசின் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றது. ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பூஞ்சைப் புண் தாக்குகிறது என்று மதிப்பிடப்படும் உலகில் இது சிறிய பயன் அல்ல.

கைகொடுக்காத நம்பிக்கைகள்

இதே குழுக்கள் வேறு பல நம்பிக்கைகளையும் சோதித்தன. சொட்டு மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் வருமா? இந்தியாவிலும் நேபாளத்திலும் 240 பேரிடம் பார்த்தார்கள். மொத்தத்தில் பலன் இல்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. வைட்டமின் பி2 கரைசல் விட்டுப் புறஊதா ஒளி பாய்ச்சும் கிராஸ்லிங்கிங் முறை பூஞ்சைக்கு உதவுமா? 111 பேரிடம் செய்த ஆய்வு 2020-இல் வந்தது, உதவவில்லை. பாக்டீரியா புண்ணில் ஸ்டீராய்டு சொட்டு தழும்பைக் குறைக்குமா? 500 பேரிடம் சோதித்ததில் மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை.

புண் வராமலே தடுக்க முடியுமா என்று நேபாளத்தின் பக்தபூரில் 34,902 மக்களை இரண்டு ஆண்டு கவனித்த ஓர் ஆய்வும் உண்டு. கருவிழி சிராய்ந்து, 18 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் களிம்பு போடத் தொடங்கிய எவருக்கும் புண் வரவில்லை. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. ஊர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நேபாளத்தில் பின்னர் நடந்த பெரிய ஆய்வில், களிம்பு தரும் ஊழியர்கள் இருந்த ஊர்களுக்கும் இல்லாத ஊர்களுக்கும் புண்ணின் எண்ணிக்கையில் தெளிவான வேறுபாடு காணவில்லை. சிராய்ப்புக்கு மருந்து வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல; ஊர் முழுவதையும் காக்க இந்த ஏற்பாடு மட்டும் போதாது என்பதே பாடம். பலன் இல்லை என்ற முடிவையும் மறைக்காமல் வெளியிடுவதால்தான் இந்த அறிவியலை நம்ப முடிகிறது.

இந்த ஆய்வுகளின் மதிப்பு மருத்துவர்களின் திறமையில் மட்டும் இல்லை. வலியோடும் பயத்தோடும் வந்த நூற்றுக்கணக்கான உழவர்களும் கூலித் தொழிலாளர்களும், விளக்கம் கேட்டுச் சம்மதம் தந்து, சொன்ன நாளில் மறுபடி வந்து கண்ணைக் காட்டினார்கள். அவர்களால் கிடைத்த அறிவு இன்று பல நாடுகளில் கண்களைக் காக்கிறது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உமியோ முள்ளோ பூச்சியோ கண்ணில் பட்டால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு எதையும் விடாதீர்கள். மருந்துக் கடையில் சிவப்புக்கு என்று கேட்டுச் சொட்டு மருந்து வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைப் புண் வேகமாகப் பரவும். உறுத்தலும் சிவப்பும் மறுநாளும் நீடித்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். பூஞ்சை என்று உறுதியானால் வாரக்கணக்கில் மருந்து போட வேண்டியிருக்கும். வலி குறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அறுவடைக்கும் களை வெட்டவும் போகும்போது ஒரு பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தால், புண்ணுக்குக் காரணமான கீறலையே பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.