உங்களுக்குத் தெரியுமா? பிண்ணாக்கின் பூர்வீகம்

எள், கடலை, தேங்காய்ப் பருப்பைச் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கையே பிண்ணாக்கு. பேச்சில் 'புண்ணாக்கு'.

• வேர்: வடமொழியின் 'பிண்யாக', பாலியின் 'பிஞ்ஞாக' ஆகியவற்றின் உறவுச் சொல் இது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் எருதுக்கான தினசரித் தீவனத்தில் புல், தவிட்டோடு பிண்ணாக்கையும் சேர்க்கிறது.

• மனிதருக்கும் உணவு: கடுந்தவம் செய்தோர் உண்ட எளிய உணவுகளில் ஒன்றாகப் பௌத்தப் பாலி நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன.

• கடல் கடந்த சொல்: இலங்கையின் தென்னந்தோட்டங்கள் வழியே இது ஆங்கிலத்திலும் நுழைந்தது. ஆங்கிலத்தில் 'பூனக்' என்றால் தேங்காய்ப் பிண்ணாக்கு.

• ஏன் மாட்டுக்கு? எண்ணெய் பிரிந்தாலும் புரதம் சக்கையிலேயே தங்கிவிடுகிறது. கடலைப் பிண்ணாக்கில் சுமார் 40 முதல் 45 விழுக்காடு புரதம் உண்டு. அதனால்தான் கறவை மாட்டின் தண்ணீர்த் தொட்டியில் தவிடும் கழுநீருமாக இதை ஊறவைத்துக் கலக்கிறார்கள்.

• கவனம்: எல்லாப் பிண்ணாக்கும் தீவனமல்ல. ஆமணக்குப் பிண்ணாக்கில் 'ரிசின்' என்ற கொடிய நஞ்சு இருப்பதால் அதை மாட்டுக்கு வைக்கக் கூடாது. வயலுக்கு அது நல்ல உரம். வேப்பம் பிண்ணாக்கும் மண்ணுக்கே உரியது. வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கட்டுப்படுத்தவும் உதவும்.

• வசையாக: மந்தமானவரையும் பயனற்ற பேச்சையும் 'புண்ணாக்கு' என்று ஏசுவது வழக்கம். பாலையும் விளைச்சலையும் பெருக்கும் பொருளுக்கு இந்தப் பழி சற்றும் பொருந்தாது.