அணி விளையாட்டுகளில் தன்பாலீர்ப்பினர் ஏற்பு

அணி விளையாட்டுகளில் தன்பாலீர்ப்பினர் ஏற்பு என்பது, தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்புக் கொண்ட வீரர்களும் வீராங்கனைகளும் அதை மறைக்காமல் தொழில்முறை அணிகளில் ஆட முடிவதைக் குறிக்கும். அணித் தேர்வு, ஒப்பந்தம், சக ஆட்டக்காரர்களின் மதிப்பு, பார்வையாளர்களின் ஆதரவு ஆகியவற்றை இதனால் இழக்காமல் இருப்பதும் இதில் அடங்கும். கடந்த முப்பது ஆண்டுகளில் பல நாடுகளில் இந்த ஏற்பு வளர்ந்துள்ளது. ஆனால் ஆடவர் அணிகளிலும் மகளிர் அணிகளிலும் அது ஒரே வேகத்தில் நடக்கவில்லை. இந்தியாவில் சட்டம் 2018இல் மாறியது. அதன் பின்னும் இந்திய ஆடவர் தேசியக் கிரிக்கெட் அணியில் ஆடும் காலத்திலேயே தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தவர் எவரும் இல்லை.

சொற்கள்

தன்பாலீர்ப்பு ஒருவர் யாரிடம் ஈர்ப்புக் கொள்கிறார் என்பதைப் பற்றியது. திருநர் என்ற சொல் ஒருவர் தன்னை எந்தப் பாலினமாக உணர்கிறார் என்பதைப் பற்றியது. இடைப்பால் என்பது பிறப்பிலேயே அமைந்த உடற்கூறு வேறுபாடு. செய்திகளிலும் பேச்சிலும் இம்மூன்றும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

விளையாட்டில் இவ்வேறுபாடு முக்கியமானது. திருநர், இடைப்பால் வீராங்கனைகள் தொடர்பான விவாதம், மகளிர் பிரிவில் யார் ஆடலாம் என்ற தகுதி விதியைச் சார்ந்தது. தன்பாலீர்ப்பினருக்கு அத்தகைய தகுதிச் சிக்கல் எதுவும் இல்லை. அவர்களைத் தடுக்கும் விதி எந்தப் பெரிய விளையாட்டின் விதிப்புத்தகத்திலும் கிடையாது. தடை இருப்பது சக மனிதர்களின் மனப்பாங்கில்தான்.

ஓடுகளமும் அணியும்

தனிநபர் விளையாட்டில் முடிவைப் பெரும்பாலும் கடிகாரமோ அளவுநாடாவோ சொல்லிவிடும். அணி விளையாட்டில் ஒருவர் களம் இறங்குவதே பிறர் கையில் உள்ளது. தேர்வாளர், பயிற்சியாளர், தலைவர், அணி உரிமையாளர் எனப் பலரின் விருப்பத்தைக் கடந்துதான் ஒருவர் பதினொருவரில் ஒருவராகிறார். ஒதுக்க நினைத்தால் காரணம் கூறவே தேவையில்லை. 'அணிச் சூழலுக்குப் பொருந்தவில்லை' என்ற ஒரு சொல் போதும்.

இதனுடன் உடைமாற்றும் அறை, விடுதி, பயணம், பகிர்ந்து தங்கும் அறை ஆகியவையும் சேர்கின்றன. ஆண்டில் பல மாதங்கள் வீரர்கள் ஒன்றாகவே வாழ்கின்றனர். அவ்விடங்களில் கேலிப் பேச்சு நெருக்கத்தின் அடையாளமாகக் கருதப்படுகிறது. அக்கேலியின் பெரும்பகுதி ஆண்மையைக் குறித்தது. ஆகவே மறைத்து வாழும் வீரர் ஒவ்வொரு நாளும் தன்னைப் பற்றிய ஏளனத்திற்குத் தானும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கிறது.

ஆடவர் அணிகள்

இங்கிலாந்தின் கால்பந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானு 1990இல் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தார். பத்து இலட்சம் பவுண்டு விலை பெற்ற முதல் கறுப்பின வீரர் அவர். அறிவிப்புக்குப் பின் ஏளனத்தையும், உடன்பிறந்தவரின் வெளிப்படையான எதிர்ப்பையும் எதிர்கொண்டார். 1998இல் தற்கொலை செய்துகொண்டார். 1990இல் அவர் அறிவித்த பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, இங்கிலாந்தின் தொழில்முறை ஆடவர் கால்பந்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே வேறு எவரும் அப்படி அறிவிக்கவில்லை. 2022 மே மாதம் பிளாக்பூல் அணியின் 17 வயது வீரர் ஜேக் டேனியல்ஸ் அந்த மௌனத்தை உடைத்தார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு யுனைடெட் வீரர் ஜோஷ் கவல்லோ 2021இலும், செக் நாட்டின் தேசிய அணி வீரர் யாக்குப் யான்க்டோ 2023இலும் வெளிப்படுத்தினர்.

ரக்பி லீக்கில் ஆஸ்திரேலியாவின் இயன் ராபர்ட்ஸ் 1995இலும், ரக்பி யூனியனில் வேல்ஸ் அணியின் முன்னாள் தலைவர் கேரத் தாமஸ் 2009இலும் அறிவித்தனர். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஜேசன் காலின்ஸ் 2013இல் அறிவித்து, அடுத்த ஆண்டு புரூக்ளின் நெட்ஸ் அணிக்காக ஆடினார். அமெரிக்கக் கால்பந்தில் கார்ல் நாசிப் 2021இல் அறிவித்த பின்னும் தொடர்ந்து ஆடினார்.

கிரிக்கெட்டில் இங்கிலாந்தின் விக்கெட் காப்பாளர் ஸ்டீவன் டேவிஸ் 2011 பிப்ரவரியில் வெளிப்படுத்தினார். ஆடிக்கொண்டிருந்த சர்வதேசக் கிரிக்கெட் வீரர்களில் இதைச் செய்த முதல்வர் அவர். ஊடகங்களுக்குச் சொல்லும் முன்பே, 2010-11 ஆஷஸ் பயணத்தின்போது அணியினருக்கு அது தெரிந்திருந்தது. அணி அதை இயல்பாக எடுத்துக்கொண்டது. 1990களில் நியூசிலாந்துக்காக 5 டெஸ்டுகள் ஆடிய வேகப்பந்து வீச்சாளர் ஹீத் டேவிஸ் தன் நிலையை வெளியே சொல்ல 2022 வரை ஆயிற்று. ஆடிய காலத்தின் ஒரு பகுதியில் அவர் அதை அணியிடமிருந்து மறைத்தே வைத்திருந்தார்.

மகளிர் அணிகள்

மகளிர் விளையாட்டில் நிலைமை வேறு. 2019 மகளிர் உலகக்கோப்பைக் கால்பந்தில் அமெரிக்காவை வெற்றிக்கு நடத்தி, சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்ற மேகன் ரப்பினோ தன்பாலீர்ப்பாளர் என்பது உலகறிந்தது. கிரிக்கெட்டில் ஒரே தேசிய அணியைச் சேர்ந்த இணையர்களே உள்ளனர். நியூசிலாந்தின் ஏமி சாட்டர்த்வெய்ட், லியா தஹூஹு 2017இலும், தென்னாப்பிரிக்காவின் டேன் வான் நீகெர்க், மரிசான் காப் 2018இலும், இங்கிலாந்தின் நாட் சிவர், கேத்தரின் பிரண்ட் 2022இலும் திருமணம் செய்துகொண்டனர்.

இந்த வேறுபாட்டுக்கான காரணம் விளையாட்டு ஆண்மையோடு பிணைக்கப்பட்டிருப்பதே. ஆடவர் களத்தில் ஆடுவது ஆண்மைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. தன்பாலீர்ப்பு அதற்கு முரணானது என்ற தவறான எண்ணம் வீரரை மௌனமாக்குகிறது. மட்டையையோ பந்தையோ கையில் எடுத்த பெண், அந்த நிமிடமே சமூகம் வகுத்த எல்லையை ஒருமுறை கடந்துவிடுகிறார். அதனால் மகளிர் அணிகளுக்குள் வேறுபாடுகளுக்கு இடம் முன்னதாகவே உருவானது.

இந்திய மண்ணில்

இந்திய மகளிர் பிரீமியர் லீக் 2023இல் தொடங்கியது. அதன் முதல் ஏலத்தில் நாட் சிவர்-பிரண்டை மும்பை இந்தியன்ஸ் 3.2 கோடி ரூபாய்க்கு எடுத்தது. மரிசான் காப் டெல்லி கேப்பிட்டல்ஸ் அணிக்கும், டேன் வான் நீகெர்க்கும் ஆஸ்திரேலியாவின் மேகன் ஷட்டும் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூர் அணிக்கும் சென்றனர். இவர்கள் அனைவரும் பெண்களை மணந்தவர்கள். 2023 மார்ச் 26 அன்று மும்பை பிராபோர்ன் அரங்கில் நடந்த இறுதிப்போட்டியில் சிவர்-பிரண்ட் ஆட்டமிழக்காமல் 60 ஓட்டங்கள் எடுத்து மும்பைக்குக் கோப்பையை வென்று தந்தார். எதிரணியில் காப் ஆடினார். 2025இல் இதே இரு அணிகள் மீண்டும் இறுதியில் மோதியபோதும் மும்பையே வென்றது. சிவர்-பிரண்ட் தொடர் நாயகியானார்.

இந்திய இரசிகர்கள் அவர்களுக்காக ஆரவாரித்தனர். அணி உரிமையாளர்கள் கோடிகளைக் கொடுத்தனர். அவர்களின் திருமணம் யாருக்கும் தடையாக இருக்கவில்லை. அதே உடைமாற்றும் அறையில் அமர்ந்திருந்த இந்திய வீராங்கனைக்கு அந்த வெளிப்படைத்தன்மை எளிதன்று. வெளிநாட்டு வீராங்கனை போட்டி முடிந்ததும் தன் நாட்டுக்குத் திரும்புகிறார். இந்திய வீராங்கனை தன் ஊருக்கும் குடும்பத்துக்கும் திரும்ப வேண்டும்.

அந்தத் திரும்புதல் எப்படி இருக்கும் என்பதற்கு ஓட்ட வீராங்கனை தூத்தி சந்தின் வாழ்வு சான்று. ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 2014இல் இயற்கையான ஆண்மை இயக்குநீர் அளவைக் காரணம் காட்டிப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார். விளையாட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்காடி, 2015இல் மீண்டும் ஓடும் உரிமையைப் பெற்றார். 2018 ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் வெள்ளி வென்றார். 2019 மே மாதம் தன் ஊர்ப் பெண்ணொருவருடன் உறவில் இருப்பதை அறிவித்தார். வெளிப்படையாகத் தன்பாலீர்ப்பை அறிவித்த முதல் இந்திய விளையாட்டாளராக அவர் கருதப்படுகிறார். குடும்பத்தாரே அதைப் பொதுவெளியில் எதிர்த்தனர். இரண்டே மாதங்களில், 2019 ஜூலையில், நேப்பிள்ஸ் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளில் 100 மீட்டரை 11.32 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். பின்னர் 2023இல், இதனுடன் தொடர்பற்ற ஊக்கமருந்து விதிமீறலுக்காக அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது.

சட்டம்

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் தளர்த்தியது. 2013இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் தன்பாலின உறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377க்கு நிகரான பிரிவு இல்லை. தன்பாலினத் திருமணத்தை ஏற்க உச்சநீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்தது.

தமிழ்நாட்டில்

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார். பாலீர்ப்பை 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் அதன்மூலம் தடை செய்தது. இதன் தொடர்ச்சியாக 2022இல் காவலர் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. அதே ஆண்டில், இச்சமூகத்தினரை மதிப்புடன் குறிக்கும் தமிழ்ச் சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது.

இம்மாநில விளையாட்டு வரலாற்றில் பாலினம் பற்றிய அவமதிப்புக்கு ஒரு கசப்பான முன்னுதாரணம் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டுகளில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. சோதனை முடிவு ஊடகங்களில் பரவியது. அது தன்பாலீர்ப்புத் தொடர்பான நிகழ்வன்று. ஆயினும் ஒரு விளையாட்டாளரின் அந்தரங்கம் காக்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதை அது காட்டியது.

தொழில்முறை விளையாட்டு இன்று சிற்றூர் வரை வந்துவிட்டது. திண்டுக்கல் டிராகன்ஸ் அணி 2024இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. அத்தொடரின் ஆட்டங்கள் நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்திலும் நடந்துள்ளன. வடமதுரை, அய்யலூர் பகுதிகளில் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டும் கபடியும் ஆடும் இளைஞருக்கு மாநில அளவிலான அணி இன்று எட்டாத கனவன்று. அந்தப் பாதையின் முதற்படி பள்ளி மைதானமும் ஊர்ப் போட்டியும்தான். 'ஒன்பது', 'பொட்டை' போன்ற வசைச்சொற்கள் அங்கே பந்தைத் தவறவிட்டவரை நோக்கிச் சாதாரணமாக வீசப்படுகின்றன. கேட்டுக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுச் சிறுவன், தன்னைப் பற்றிச் சொல்லக்கூடாது என்பதை அங்கேயே கற்றுக்கொள்கிறான். சிறுமிகளுக்கு ஆபத்து வேறு வடிவில் வருகிறது. விடுதி பற்றிய ஒரு வதந்தியே மகளை விளையாட்டிலிருந்து பெற்றோர் நிறுத்திவிடப் போதுமானதாகிவிடும்.

ஏற்பை வளர்ப்பவை

அடையாளச் செயல்கள் மட்டும் போதுவதில்லை. 2022 கத்தார் உலகக்கோப்பையில் ஐரோப்பிய அணித் தலைவர்கள் சிலர் அணியத் திட்டமிட்ட 'ஒன் லவ்' கைப்பட்டை, மஞ்சள் அட்டை எச்சரிக்கை வந்ததும் கைவிடப்பட்டது. நிலைத்துப் பயன் தருபவை அணிக்குள் நடப்பவையே: வசைச்சொல்லைப் பயிற்சியாளர் முதல்முறையிலேயே நிறுத்துதல், ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியே விடாதிருத்தல், தேர்வுக்கான காரணத்தைப் பதிவு செய்தல், முறையிட அணிக்கு வெளியே ஓர் அமைப்பு இருத்தல்.

வெளிப்படுத்துவது எவருக்கும் கடமையன்று. அதை யாரும் வற்புறுத்தவோ, ஒருவர் சார்பாகப் பிறர் செய்யவோ கூடாது. மறைப்பதா, சொல்வதா என்ற முடிவு அச்சத்தால் அல்லாமல் அவரவர் விருப்பத்தால் எடுக்கப்படும் நிலையே ஏற்பு எனப்படும்.