காபி ஒரு யூரோ... வாடகை 1,200 யூரோ! போர்ச்சுகலில் குடியேற உண்மையில் எவ்வளவு செலவாகும்?

'மேற்கு ஐரோப்பாவிலேயே செலவு குறைவான நாடு' என்று யூடியூபில் தேடினால், முதலில் வந்து நிற்பது போர்ச்சுகல்தான். வெயில், கடற்கரை, ஒரு யூரோவுக்குக் காபி எனப் பார்ப்பவர்கள் உடனே பெட்டி கட்டிவிடும் அளவுக்கு இருக்கும் வீடியோக்கள். அதில் பொய் இல்லை. ஆனால், செலவு குறைவு யாருக்கு என்பதுதான் கேள்வி.

ஒரு யூரோவைத் தோராயமாக 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம்.

இரண்டு பேர், இரண்டு கணக்கு

2025 நிலவரப்படி போர்ச்சுகலில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 870 யூரோ. சமூகப் பாதுகாப்புக்கு 11% பிடித்தம் போக, கையில் வருவது 774 யூரோ. கோடை விடுமுறைக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என வருடத்துக்கு 14 சம்பளம் உண்டு என்பது ஆறுதல்.

லிஸ்பனில் ஒரு படுக்கையறை வீட்டின் வாடகை சுமார் 1,200 யூரோ. அதாவது, முழுச் சம்பளத்தைக் கொடுத்தாலும் போதாது. பலரோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறைக்கே 400 முதல் 600 யூரோ ஆகிவிடும். அறைக்கு 500, பஸ், மெட்ரோ பாஸுக்கு 40 போனால், சாப்பாடு, போன் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 234 யூரோதான்.

இன்னொருவர், வெளிநாட்டு நிறுவனத்துக்கு லேப்டாப்பில் வேலை பார்ப்பவர். இவர்களுக்கான டி8 விசா 2022 அக்டோபரில் அறிமுகமானது. இதற்குக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு, அதாவது 2025 கணக்கில் மாதம் 3,480 யூரோ வருமானம் காட்ட வேண்டியிருந்தது. இவருக்கு வாடகை 1,200, மளிகை 350, மின்சாரம், இன்டர்நெட் 150, பாஸ் 40 என 1,740 யூரோ செலவானாலும், வரிக்கு முந்தைய வருமானத்தில் சரிபாதி மிச்சம்!

வீடியோ போடுபவர்களில் பலரும் இந்த இரண்டாவது ரகம்தான்.

வீடியோவில் வராத செலவுகள்

* முன்பணம்: முதல் மாத வாடகையோடு இரண்டு மாத டெபாசிட் கேட்பது சகஜம். 1,200 யூரோ வீட்டுக்கு, சாவி கைக்கு வருமுன் 3,600 யூரோ வேண்டும். உள்ளூரில் ஜாமீன் போட ஆள் இல்லாவிட்டால் இன்னும் கூடலாம். வரி எண் வாங்காமல் வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எதுவும் நகராது.

* குளிர்காலம்: லிஸ்பனில் பனி பொழிவது அபூர்வம். ஆனால், பல பழைய வீடுகளில் வெப்பமூட்டும் வசதி கிடையாது. வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் குளிரும். ஹீட்டர் போட்டால் மின் கட்டணம் எகிறும். போடாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

* மருத்துவம்: சட்டப்படி வசிப்பவர்களுக்கு அரசு மருத்துவம் ஏறக்குறைய இலவசம். ஆனால், நாட்டில் 15 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் குடும்ப மருத்துவர் ஒதுக்கப்படவில்லை. காத்திருக்க முடியாதவர்கள் தனியார் காப்பீடு எடுக்கிறார்கள்.

* ஹோட்டல்: உட்கார்ந்ததும் மேசைக்கு வரும் ரொட்டியும் ஆலிவும் இலவசம் அல்ல, சாப்பிட்டால் பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

உள்ளூர்க்காரர்களின் கோபம்

வெளிநாட்டுப் பணமும் சுற்றுலா வாடகையும் சேர்ந்து வீட்டு விலையை ஏற்ற, பிறந்து வளர்ந்த தெருவிலேயே குடியிருக்க முடியாமல் பலர் வெளியேறினார்கள். 2023 ஏப்ரலில் லிஸ்பன், போர்ட்டோ உள்ளிட்ட நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் வீடு கேட்டுத் தெருவில் இறங்கினார்கள. அதே ஆண்டு அக்டோபரில், வீடு வாங்கி 'கோல்டன் விசா' பெறும் வழியை அரசு மூடியது.

அப்படியானால் போகலாமா?

தாராளமாக. லிஸ்பனும் போர்ட்டோவும் மட்டும் போர்ச்சுகல் அல்ல. உள்நாட்டில் இருக்கும் காஸ்டெலோ பிராங்கோ, குவார்டா போன்ற ஊர்களில் வாடகை வெகுவாகக் குறையும். ஆனால், அங்கே வேலைவாய்ப்பும் குறைவு.

எனவே, கிளம்புவதற்கு முன் காபி விலையை விசாரிக்காதீர்கள். 'என் சம்பளம் எந்த நாட்டிலிருந்து வரப்போகிறது?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்ச் சம்பளம் என்றால், ஏஜென்ட் சொல்லும் தொகையில் பிடித்தத்தையும் வாடகையையும் முதலில் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதை வைத்து ஊருக்குப் பணம் அனுப்ப முடியுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்!